சிலம்பக் கம்பு: வாங்கியது விரிந்தது, வெட்டியது உளுத்தது, அப்புறம் ஒன்று தேறியது

போன வாரத்தோடு ஆறு மாதம். வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு முக்கால் மணி நேரம் சுற்றியும் தட்டியும் தரையில் தவறவிட்டும் இந்தக் கம்பு விரியவில்லை, உளுத்தும் போகவில்லை. கல்மூங்கில். நீளம் 166 செ.மீ., அடியில் 27 மி.மீ., நுனியில் 24 மி.மீ., எடை 580 கிராம். இந்த நான்கு எண்களுக்கு வந்து சேர ஒரு வருடத்துக்கு மேலான காலமும் 2,280 ரூபாயும் ஆகியிருக்கின்றன. அதில் முக்கால்வாசி தண்டம். அந்தத் தண்டத்தையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் இருக்கிறது என்ற பேச்சு வேறு. அந்தக் கோடை விடுமுறையில் தென்காசிப் பக்கம் எங்கள் ஊர் வாத்தியாரிடம் பிள்ளைகள் கூட்டம் எகிறியது. என் மகளும் சேர்ந்தாள். திடல் ஓரத்தில் பைக்கில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்த அப்பாக்களில் ஒருவனாக இருந்த நான், பத்தாவது நாள் வாத்தியார் “சும்மா உக்காந்திருக்கதுக்கு ஒரு கம்பை எடுத்துட்டு வாரும் வே” என்றதும் எழுந்துவிட்டேன். கம்பை எடுத்துக்கொண்டு வா என்றாரே ஒழிய எந்தக் கம்பு என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் கடைக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் மூலையில் இருபது கம்புகள் சாத்தியிருந்தார்கள். பார்க்க அழகாக, வார்னிஷ் மினுமினுப்போடு, சாண் இடைவெளியில் சூடு வைத்த கறுப்பு வளையங்களோடு, இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் போட்டு ஒன்று இருந்தது. கனமாக இருந்தால் நல்ல கம்பு என்று மனதுக்குள் ஒரு கணக்கு, அதனால் இருப்பதிலேயே தடிமனானதை எடுத்தேன். 350 ரூபாய். வீட்டில் வந்து அளந்தால் 34 மி.மீ. விட்டம், 820 கிராம்.

முதல் நாளே முன்னங்கை இறுகிப் போனது. வியர்வை பட்டதும் வார்னிஷ் உள்ளங்கையைப் பிடித்து இழுக்கிறது. சிலம்பத்தில் கம்பு கைக்குள் வழுக்கிச் சுழல வேண்டும், இது ஒட்டிக்கொண்டு தோலை உரித்தது. இரண்டாவது வாரம் வாத்தியார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “நீரு கம்பைச் சுத்தல, கம்பு உம்மச் சுத்துது” என்றார். மூன்றாவது வாரம் தட்டு (இருவர் கம்போடு கம்பு மோதுவது) பழகும்போது எதிரே இருந்தவர் கம்பு என் கம்பின் மேல் விழுந்ததும் ஒரு கறுப்பு வளையத்தில் தொடங்கி முழ நீளத்துக்கு விரிந்தது. பிளந்து பார்த்தேன். உள்ளே கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வெற்றிடம், சுவர் ஆறு மி.மீ.கூட இல்லை, சூடு வைத்த இடத்தில் தோல் கருகி நார் செத்திருந்தது. அதாவது தடிமன் இருந்தது, கெட்டி இல்லை. அழகுக்கு வைத்த சூடுதான் விரிசலுக்கு வாசல் திறந்துவிட்டது.

அன்றைக்கே வாத்தியாரிடம் கேட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும், அவர் வீட்டு உத்தரத்தில் எண்ணெய் போட்டுக் காய்ந்த கம்புகள் ஏழெட்டு எப்போதும் தொங்கும். நானோ, மூங்கில்தானே, நாமே செய்யலாம் என்று கிளம்பினேன்.

எங்கே வெட்டுவது? கூட வேலை பார்க்கும் ஒருவர் மலையடிவாரத்தில் போய் நாலு கம்பு வெட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்றார். களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகம் பக்கத்திலேயே இருக்கிறது, வம்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். 2017இல் இந்திய வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டா நிலத்து மூங்கில் வேறு, காட்டு மூங்கில் வேறு. தெரிந்த ஒரு பெரியவருடைய தோட்டத்து வேலியோரத்தில் கல்மூங்கில் புதர் ஒன்று இருந்தது. முள் மூங்கில் மாதிரி கையைக் கிழிக்காது, வறண்ட இடத்தில் வளர்ந்தால் உள்ளே வெற்றிடமே இல்லாமல் கெட்டியாக இருக்கும். அவரிடம் 200 ரூபாய் கொடுத்து இரண்டு கழி கேட்டேன். அது ஆனி மாதம். பெரியவர் புதரைக் காட்டி, “முளை கிளம்புற நேரம், இப்ப வெட்டாத தம்பி, தையில வா” என்றார். எனக்கு அவசரம். வெட்டினேன்.

அந்த ஒரு அவசரத்தில் எத்தனை தப்பு செய்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். பச்சைப் பசேலென்று, மேலே வெள்ளை மாவு பூசினாற்போல், கணுவில் பாளை ஒட்டிக்கொண்டிருந்த கழிகள்தான் நேராக இருந்தன, அவற்றையே வெட்டினேன். அது முந்தின வருடத்துக் குட்டி. முற்றின கழி மங்கலாக, பூஞ்சைத் திட்டுத் திட்டாக இருக்கும், அரிவாள் முதுகால் தட்டினால் ணங்கென்று கேட்கும். பாளையில் இருக்கிற சுணை கழுத்தெல்லாம் பட்டு இரண்டு நாள் சொறிந்தது தனிக் கதை. வெட்டிக்கொண்டு வந்ததும் மொட்டை மாடி வெயிலில் போட்டேன். நான்கு நாள் வெயில், அப்புறம் சாரல் பிடித்துக்கொண்டது. தென்காசிக்காரர்களுக்குச் சாரல் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஆவணி வரைக்கும் துணியே காயாது. வெயிலில் கிடந்த நான்கு நாளில் இரண்டு முனையும் சாண் நீளத்துக்கு வெடித்தன, சாரலில் கிடந்த இரண்டு மாதத்தில் கறுப்புப் பூசணம் பூத்தது. சரி, வெடித்ததை அறுத்துத் தள்ளிவிட்டு மிச்சத்தைத் தேய்த்து வைத்தேன். ஐப்பசியில் ஒருநாள் காலையில் கம்பு சாத்தியிருந்த மூலையில் தரையெல்லாம் மஞ்சள் மாவு. குண்டூசித் துளைகள், எண்ணினேன், ஒரு கம்பில் மட்டும் நாற்பத்தொன்று. தரையில் ஒரு தட்டு தட்டினேன், முறிந்தது, உள்ளே ரவை மாதிரி கொட்டியது.

மழை தொடங்கி முளை கிளம்பும் முன்னால் மூங்கில் தன் மாவுச்சத்தைக் கழிக்குள் சேர்த்து வைத்திருக்கும். அந்த மாவைத் தின்னத்தான் வண்டு வருகிறது. பெரியவர் ஒரு வரியில் சொன்னதைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு மாதம்.

தையில் மறுபடி போனேன். இந்தத் தடவை அவரையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். தேய்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்று இன்னும் ஆறு நாள் காக்க வைத்தார். தேய்பிறைக்கும் வண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று வாதாட வாய் வந்தது, ஒருமுறை வாதாடி நாற்பத்தொரு துளை வாங்கியிருந்ததால் பேசாமல் காத்திருந்தேன். மூன்று கழி, 300 ரூபாய். தரையிலிருந்து முதல் கணுவுக்கு ஒட்டி மேலே வெட்டச் சொன்னார், இல்லாவிட்டால் மிஞ்சின குழியில் தண்ணீர் தேங்கித் தூர் அழுகிவிடுமாம். அடியிலிருந்து ஒரு மீட்டரை அப்படியே விட்டுவிட்டேன், அந்தப் பகுதியில் கணு நெருக்கம், வளைவு அதிகம், கனமும் அதிகம். அதற்கு மேலிருந்து 190 செ.மீ. நீளத்துக்கு மூன்று துண்டு, ஒரு கழியின் மேல்பகுதியிலிருந்து மகளுக்கு ஒரு மெல்லிய துண்டு. வேண்டியது 166தான் என்றாலும் முனை வெடிக்கும் என்று இந்தத் தடவை தெரியும், அதனால் இரண்டு பக்கமும் பன்னிரண்டு செ.மீ. கூடுதல்.

நீளக் கணக்கு வாத்தியார் சொன்னது. நிமிர்ந்து நின்று கம்பை முன்னால் ஊன்றினால் உச்சியிலிருந்து மூன்று விரல் கீழே, நெற்றியில் முடிய வேண்டும். என் உயரம் 172, மூன்று விரல் கழித்தால் 166 அல்லது 167. மகள் 128, அவளுக்கு 122. ஆள் உயரத்துக்கு மேல் கம்பு போனால் காலடி வைத்துத் திரும்பும்போது நுனி தரையில் இடிக்கும். கடையில் ஐந்தரை அடி, ஆறடி என்று ஒரே அளவில் வெட்டி வைத்திருக்கிறார்கள், பத்து வயதுப் பிள்ளை அதை வாங்கிக்கொண்டு வந்து நுனியைத் தரையில் உழுகிறது.

ஊறப்போட்டது தோட்டத்துப் பம்புசெட் தொட்டியில். கல் கட்டி அமுக்கி, 21 நாள். தினமும் மோட்டார் ஓடுவதால் தண்ணீர் மாறிக்கொண்டே இருந்தது, அதுதான் வசதி. அப்படியும் முதல் வாரம் புளித்த கஞ்சி நாற்றம். கரையிலேயே விட்டிருந்தால் அந்த நாற்றமெல்லாம் வண்டுக்குச் சோறாகத்தான் கழிக்குள் இருந்திருக்கும் என்று மூக்கைப் பிடித்துக்கொண்டேன்.

பயம் இன்னும் போகவில்லை, அதனால் மருந்தும் போட்டேன். நான்கு அங்குலக் குழாய், ஆறரை அடிக்கும் கொஞ்சம் கூடுதலான நீளம், அடியில் மூடி ஒட்டி நிமிர்த்தி மரத்தோடு கட்டினேன். குழாய்க்கும் மூடிக்கும் 420 ரூபாய், மூங்கிலுக்கு ஆனதிலேயே பெரிய செலவு அதுதான், ஓர் அழகு கிடையாது, வாசலில் நிற்கும்போது பார்க்கிறவர்கள் எல்லாம் என்ன என்ன என்று கேட்டார்கள். 15 லிட்டர் தண்ணீருக்கு 450 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 300 கிராம் போரிக் அமிலம், இளஞ்சூட்டில் கரைத்து ஊற்றி, பெரிய கழிகளில் இரண்டை மட்டும் நான்கு நாள் உள்ளே நிறுத்தினேன். மூன்றாவதையும் மகளுடையதையும் வெறும் தண்ணீரில் ஊறினதோடு விட்டேன். பிள்ளை கையில் எப்போதும் இருக்கப் போகிற சாமான் என்ற யோசனை. ஆறு மாதம் கழித்துச் சொல்கிறேன், மருந்து போட்டதிலும் துளை இல்லை, போடாததிலும் இல்லை. அடுத்த தடவை குழாய் இல்லை, மருந்து இல்லை, தையில் வெட்டி மூன்று வாரம் ஊறப்போடுவதோடு சரி.

காயவைத்தது தார்சாவில் (வீட்டுத் தாழ்வாரத்தில்), நிழலில், நிமிர்த்தி. வெட்டின முனைகளில் மெழுகுவத்தியை உருக்கிச் சொட்டினேன், ஈரம் முனை வழியாக அவசரமாக வெளியேறினால்தான் வெடிக்கிறது. வாரம் ஒருமுறை தலைகீழாகத் திருப்பி வைத்து, சமையலறைத் தராசில் நிறுத்துச் சுவரில் பென்சிலால் எழுதினேன். தண்ணீரில் இருந்து எடுத்த அன்று 1,190 கிராம். இரண்டாவது வாரம் 930, நான்காவது வாரம் 780, ஆறாவது 705, எட்டாவது 672. ஒன்பதாவது வாரம் 668, பத்தாவது வாரம் 667. அங்கே நின்றுவிட்டது, அதாவது காய்ந்துவிட்டது. அடி விட்டம் 29 மி.மீ. இருந்தது 27 ஆகச் சுருங்கியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டு வெட்டுகிற நாளிலேயே இரண்டு மி.மீ. தடிமனாகத் தேர்வது நல்லது. இந்தச் சுவர்க் கணக்கை வீட்டில் திட்டாத நாள் இல்லை, ஆனால் இந்த வேலை முழுவதிலும் உருப்படியாகச் செய்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். காய்ந்துவிட்டதா என்பதைத் தட்டிப் பார்த்தோ நிறம் பார்த்தோ அனுபவசாலிகள் சொல்வார்கள், எனக்கு அந்தக் காது இல்லை, தராசு இருந்தது.

அடுத்தது வளைவு எடுப்பது. இதில் ஒரு கம்பு போனது.

சிமெண்ட் தரையில் உருட்டினால் வளைவு எங்கே என்று தெரிந்துவிடும், அந்த இடத்தில் வெளிச்சம் தெரியும். முதல் கழியை கேஸ் டார்ச்சால் சூடு காட்டினேன். நீலச் சுவாலை, ஒரே இடத்தில், கை வலிக்கிற வரைக்கும். மேலே கறுத்தது, உள்ளே சூடு ஏறவேயில்லை. கொய்யா மரக் கவட்டையில் வைத்து அழுத்தினேன், துப்பாக்கி வெடித்தாற்போல் ஒரு சத்தம். அத்தோடு அது விறகு. கடைக் கம்பின் கறுப்பு வளையம் எனக்குச் சொன்ன பாடத்தை என் கையாலேயே இன்னொரு முறை நடத்திக்கொண்டேன்.

மற்றவற்றுக்கு டார்ச்சை ஓரம் வைத்துவிட்டு மண் அடுப்பில் சிரட்டைக் கனல் போட்டேன். கனலுக்கு ஒரு சாண் மேலே பிடித்து, சப்பாத்திக் கட்டையை உருட்டுவது போல உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும், முன்னும் பின்னும் ஒரு முழத்துக்குச் சூடு பரவ வேண்டும். மூன்று, நான்கு நிமிடத்தில் மேலே எண்ணெய் மாதிரி கசிந்து பளபளக்கும். பழைய பருத்தித் துணியால் அதைத் துடைத்துக்கொண்டே கவட்டையில் கொடுத்து, எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தி, ஈரத்துணி சுற்றி ஆறும்வரை பிடிக்க வேண்டும். விட்டால் பாதி திரும்பி வரும், மிஞ்சுகிற பாதிதான் நமக்கு வேண்டியது. இரண்டு கணுவுக்கு நடுவில் இருக்கிற வளைவு லேசில் எடுபட்டது. கணுவிலேயே கோணியிருந்தால் எனக்கு மசியவில்லை, ஒரு இடத்தில் அப்படியே விட்டுவிட்டேன். சுற்றும்போது அது கண்ணுக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை. உள்ளே வெற்றிடம் இருக்கிற மூங்கிலைச் சுடுவதாக இருந்தால் கணுவுக்குக் கணு ஒரு சின்னத் துளை போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே அடைபட்ட காற்று சூட்டில் வெடிக்கும்.

இழைப்பதில் ஒரு தப்பு. கணுக்களை அரத்தால் தட்டி, உடைந்த கண்ணாடித் துண்டால் சீவி, உப்புத்தாளால் தேய்க்கும்போது நன்றாக வழவழப்பு வந்தது. அந்தச் சுகத்தில் ஒரு கம்பின் மேல்தோல் முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டேன். பார்க்கத் தந்தம் போல இருந்தது. மூங்கிலின் பலம் இருப்பதே அந்த மேல்தோல் ஓரத்தில்தான், நார் நெருக்கமாக இருப்பது அங்கே. தோல் போன கம்பு இரண்டு வாரத் தட்டில் மயிர் மயிராகப் பிசிறு எழும்பி உள்ளங்கையில் சிலாம்பு ஏற்றியது. அது இப்போது கொடிக்கம்பு, துணி காயப்போடுகிறோம். ஆக மூன்று பெரிய கழியில் மிஞ்சியது ஒன்று, கூட மகளுடையது. மிஞ்சிய ஒன்றில் கணு மேட்டை மட்டும் கை உறுத்தாத அளவுக்குச் சீவினேன், தோலைத் தொடவில்லை.

எண்ணெய்க்கு முதலில் வாத்தியார் போடுகிற நல்லெண்ணெயை மகளுடையதில் போட்டேன், பிசுபிசுப்பு போக ஒரு வாரம் ஆனது, எறும்பு வேறு. என்னுடையதற்கு ஆளிவிதை எண்ணெய், 160 ரூபாய், பெயிண்ட் கடையில் கிடைத்தது. துணியில் தொட்டு மெல்லிசாக மூன்று தடவை, ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் இரண்டு நாள். இது காய்ந்து தோல் மாதிரி ஆகிவிடும், ஒட்டாது. எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய எண்ணெய் இது. விரித்துக் கொடியில் போட்டுக் காய்ந்ததும் எறிந்துவிடலாம். நம் கையில் கொடிக்கம்பு ஏற்கெனவே ஒன்று இருந்ததால் வசதியாகப் போயிற்று.

166க்கு அறுத்து நிறுத்தேன், 580 கிராம். ஒரு விரல் மேல் வைத்து நிறுத்தினேன். நடுவில் நிற்கவில்லை, நடுவிலிருந்து மூன்று செ.மீ. அடிப்பக்கம் தள்ளி நின்றது. மூங்கில் அடி பருத்து நுனி சிறுக்கும், இது இயற்கை. ஆனால் அப்போது அது எனக்குக் குறையாகப் பட்டது. பூண் போட்டுச் சரிசெய்யலாம் என்று பித்தளைக் குழாய் வாங்கி மூன்று செ.மீ. நீளத்தில் இரண்டு வெட்டி இரண்டு முனையிலும் போட்டுவிட்டேன், 90 ரூபாய். நிறுத்திப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே இடம். இரண்டு பக்கமும் ஒரே எடையைக் கூட்டினால் எப்படி நகரும் என்று மகள் கேட்டாள், ஆறாம் வகுப்பு. அடிப்பக்கத்துப் பூணைக் கழற்றினேன். நுனியில் மட்டும் 20 கிராம். அச்சாக நடுவில் நின்றது. ரொம்பப் பெருமையாக வாத்தியாரிடம் எடுத்துக்கொண்டு போனேன்.

அவர் வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு சுற்று சுற்றினார். “அடி எது, நுனி எதுன்னு கைக்குத் தெரியலியே வே” என்றார். வீச்சுக்குப் பிடிக்கும்போது பருத்த பக்கம் கைக்குள் இருக்க வேண்டும், மெல்லிய பக்கம் பறக்க வேண்டும். அதைத்தான் மூங்கில் தானாகவே கொடுக்கிறது, நான் 90 ரூபாய் செலவு செய்து அதைக் கெடுத்திருந்தேன். நுனியில் பித்தளை இருந்தால் எதிரே ஆளை நிறுத்தித் தட்டுப் பழகவும் விடமாட்டார். பூணைக் கழற்றிவிட்டு, அவரே ஒரு சிவப்பு நூலை எடுத்து, கம்பு எந்த இடத்தில் சமமாக நின்றதோ அங்கே நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். “சுத்தும்போது இங்க பிடியும், போதும்.” கம்பை மாற்றுவதை விட்டுப் பிடியை மூன்று செ.மீ. மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயம். விரியாமல் இருக்க முனைகளில் நைலான் நூலை நெருக்கிச் சுற்றி மேலே பசை தடவினேன், பூண் செய்கிற வேலையை அதுவும் செய்கிறது, எடையில் தெரியவில்லை.

குளத்தில் தண்ணீர் மேல் அடித்தால் கம்பு உரமேறும் என்று அவர் சொன்னதையும் செய்தேன். இடுப்பளவு நீரில் நின்று ஐம்பது அடி. உரமேறியதா என்று என்னால் சொல்ல முடியாது. அன்றைக்கு உடன் வந்த ஒரு பையனுடைய கம்பு, வெளியே நன்றாக இருந்தது, முப்பதாவது அடியில் நீளவாக்கில் வாய் பிளந்தது. திடலில் யாருடைய முகத்துக்கு எதிரேயோ பிளப்பதற்குத் தண்ணீரில் பிளந்தது மேல். அதற்காகவே இந்தப் பரீட்சையை நான் விடமாட்டேன். மற்ற நாட்களில், ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒரு பஞ்சு உருண்டையைக் கம்பின் மேல் முனைக்கு முனை இழுக்கிறேன். பிசிறு இருந்தால் பஞ்சு மாட்டும். பத்து நொடி வேலை.

நடுவில் மகளுக்காகப் பிரம்பும் ஒன்று வாங்கினோம், போட்டிப் பயிற்சிக்கு, 450 ரூபாய். பிரம்பு விரியாது, சிலாம்பு ஏறாது, உள்ளே முழுக்க நார், அடி வாங்க வாங்கப் பஞ்சாகிப் போகுமே தவிரப் பிளக்காது. எடையும் குறைவு. தொட்டுப் புள்ளி எடுக்கிற ஆட்டத்துக்கு மெத்தப் பொருத்தம். ஆனால் சுற்றும்போது நுனி தாமதமாக வருகிறது, சாட்டை மாதிரி. அடிவரிசை பழகும்போது கை எங்கே தப்பு செய்கிறது என்பதை மூங்கில் உடனே சொல்லிவிடும், பிரம்பு மறைத்துவிடும். இன்னொன்று, சுவரில் சாய்த்து வைத்தால் ஒரு மாதத்தில் வில்லாகிவிடுகிறது. எங்களுடையது ஆகிவிட்டது. இப்போது சுவரில் மூன்று ஆணி அடித்துப் படுக்கை வசத்தில் வைக்கிறோம், மூங்கிலையும் அப்படியே. புதிதாகச் சேர்கிற சின்னப் பிள்ளைகளுக்குச் சிலர் மின்கம்பி போடுகிற பிளாஸ்டிக் குழாயை வெட்டிக் கொடுக்கிறார்கள், முதல் மாதம் முகத்தில் அடித்துக்கொள்கிற மாதத்துக்கு அது மோசமில்லை, அதற்கு மேல் அதில் எடையே இல்லாததால் கை ஒன்றும் கற்பதில்லை.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். கடைக் கம்பு 350, முதல் மூங்கில் 200, இரண்டாவது மூங்கில் 300, வெண்காரமும் போரிக்கும் 240, குழாய் 420, எண்ணெய் 160, பித்தளை 90, உப்புத்தாளும் நூலும் 70, பிரம்பு 450. இதில் என் கையில் இருக்கிற கம்புக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு கழி, எண்ணெய், உப்புத்தாள், நூல், 330 ரூபாய். கடைக்குப் போய் வாங்குவதாக இருந்தால் இப்போது நான் செய்வது இதுதான்: வார்னிஷும் சூடும் போட்டதைத் தொடமாட்டேன். வெட்டுமுனையில் வெற்றிடம் எவ்வளவு என்று பார்ப்பேன், பூண் போட்டு மூடியிருந்தால் வேண்டாம். குண்டூசித் துளை இருக்கிறதா என்று கணுவைச் சுற்றிப் பார்ப்பேன். தரையில் உருட்டுவேன். அப்புறம் தரையில் செங்குத்தாக ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டு அந்தச் சத்தத்தைக் கேட்பேன். முழுக் கம்பு ணங்கென்னும், விரிசல் உள்ளது கரகரக்கும், இதற்குத் தராசு வேண்டாம், என் காதுக்கே கேட்கிறது.

மகளுடைய கம்பில் ஒரு தப்பு இப்போதுதான் தெரிகிறது. 19 மி.மீ., 122 செ.மீ., கச்சிதமாக அறுத்திருந்தேன். ஆறு மாதத்தில் அவள் மூன்று செ.மீ. வளர்ந்துவிட்டாள். வளர்கிற பிள்ளைக்கு ஐந்து செ.மீ. விட்டு அறுத்திருக்க வேண்டும். தையல்காரனா நான், சட்டைக்கு மடிப்பு விடுவது மாதிரி யோசிக்கத் தோன்றவில்லை. பெரியவரிடம் போன வாரம் சொல்லிவிட்டு வந்தேன், தையில் தேய்பிறை எப்போது என்று அவரே நாள்காட்டியில் பார்த்து வைக்கிறாராம். இரண்டு கழி போதும்.